பாட்டல்ல, இருமல்

மோட்டார் வாகனங்களைப் பற்றி எழுதும் தகுதி எனக்கு இல்லை. சைக்கிள் செயின் கழன்றாலே அடுத்தவரைத் தேடுகின்ற ஆள் நான். ஆயினும் 2017 ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஆரையம்பதியில் எங்களுக்கு நேர்ந்த ஒன்றை எழுதாமல் விடுவது சரியல்ல என்று பல தடவை எண்ணியிருக்கிறேன். அதில் பிழை காருடையதன்று, எங்களுடையது. அதிலும் பெரும்பங்கு என்னுடையது.

எனது அண்ணரின் மகன் இலண்டனில் வசிப்பவன். அந்த வருடம் மனைவியையும் ஏழு வயது மகளையும் அழைத்துக்கொண்டு ஒன்றரை மாத விடுமுறையில் வந்திருந்தான். வந்தவன் கொழும்பில் ஒருவரிடம் பழைய கார் ஒன்றை விலைக்கு வாங்கி, முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் தானே ஓட்டிக்கொண்டு ஊருக்கு வந்து சேர்ந்தான். சிவப்பு நிறத்தில், இரண்டே ஆசனங்களுடன், கூரைக்குப் பதிலாக மடிக்கத்தக்க கன்வஸ் துணியுடன் தரையோடு தரையாகக் கிடக்கும் ஒரு சின்னஞ்சிறு ஸ்போர்ட்ஸ் கார். 1964 ஆம் ஆண்டுத் தயாரிப்பான எம்.ஜி. மிட்ஜெட்.

ஆரையம்பதியை அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. மட்டக்களப்பு நகரிலிருந்து கல்லடிப் பாலத்தைக் கடந்து கல்முனை வீதியில் தெற்கே வந்தால், காத்தான்குடியின் பேரீச்ச மர வரிசை முடிந்ததும் எங்கள் ஊர் ஆரம்பமாகும். கிழக்கே கடல், மேற்கே வாவி, இரண்டுக்கும் நடுவே ஒடுங்கிய மணல்நிலம். இரு பக்கமும் உப்பு நீர் என்பதால் இங்கே இரும்புக்கு ஆயுள் குறைவு. புதிதாகப் பூட்டிய கேற்றின் பிணைச்சல்கூட இரண்டு மாரி கழிவதற்குள் கறளேறி முனகத் தொடங்கிவிடும்.

அப்படிப்பட்ட ஊருக்குள் அந்தச் சிவப்புக் கார் வந்தபோது முதலில் வந்தது அதன் சத்தந்தான். எங்கள் ஒழுங்கைக்குள் திரும்புவதற்கு முன்பே படபடவென்று ஓர் உறுமல் கேட்டது. பிள்ளைகள் ஓடி வந்தார்கள். இளைஞர்கள் கைத்தொலைபேசியில் அதைப் பதிவு செய்தார்கள். "சித்தப்பா, சத்தத்தைக் கேட்டீங்களா? புதுக்கார் எதிலயும் இது வராது" என்று பெறாமகன் பெருமிதப்பட்டான். எனக்கும் அது கம்பீரமாகவே பட்டது. பந்தயக் கார் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சத்தத்தைப் பிழையென்று சொன்னவர் ஒருவர்தான் இருந்தார்.

அவருக்கு அப்போது எழுபது வயதிருக்கும். ஊரில் எல்லோரும் அவரை 'பாஸ்' என்றே அழைப்பார்கள். இளமையில் யாழ்ப்பாணத்துக் கராஜ் ஒன்றில் தொழில் பழகி அங்கேயே இருந்துவிட்டவர். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒட்டுமொத்தமாக இடம்பெயர்ந்தபோது அவரும் வெளியேறி, பல இடங்களில் அலைந்து சொந்த ஊருக்குத் திரும்பியவர். வேலியோரம் நின்று காரைப் பார்த்தார். பொனட்டைத் திறக்கச் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு சற்று நேரம் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"இது பாட்டில்ல மனே, இருமல். புகைக்குழாய் முன்பக்கத்தில எங்கயோ விட்டிருக்கு. நாளைக்குக் கொண்டாங்க. மறுகா பாப்பம் எண்டு விட்டிடாதீங்க."

மறுகா பார்ப்போம் என்றுதான் விட்டோம். மறுநாள் ஒரு கலியாண வீடு. அதற்கடுத்த நாள் பாசிக்குடாக் கடற்கரை. பின்னர் ஒரு சாமத்தியச் சடங்கு. போகுமிடமெல்லாம் கார் உறுமியது. போகுமிடமெல்லாம் பாராட்டுக் கிடைத்தது. பாராட்டுக் கிடைக்கின்ற ஒன்றைப் பழுதென்று எவர் கொண்டுபோய்த் திருத்துவார்?

ஒரு வெள்ளிக்கிழமை கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் கோயிலுக்குப் போவதென்று முடிவாயிற்று. முன்னைய காலத்தில் ஆரையம்பதிப் பக்கத்திலிருந்து படுவான்கரைக்குப் போவதென்றால் மண்முனைத் துறையில் 'பாதை' எனப்படும் மிதவைக்காகக் காத்திருக்க வேண்டும். 2014 ஏப்ரிலில் மண்முனைப் பாலம் திறக்கப்பட்ட பின்னர் அந்தக் காத்திருப்பு இல்லை. வானில் மற்றவர்கள் முன்னே போக, காரில் பெறாமகனும் மகளும் போவதாக ஏற்பாடு. நான் மோட்டார் சைக்கிளில் ஓர் உறவுக்காரப் பையனின் பின்னால் அமர்ந்து சென்றேன்.

கச்சான் காற்று வீசும் காலம். மேற்கிலிருந்து அனல் அடித்தது. புல்லெல்லாம் காய்ந்து மஞ்சளாகிக் கிடந்தது. வெயிலுக்காகக் கன்வஸ் கூரையை இழுத்துப் பூட்டியிருந்தார்கள். புழுதிக்காகக் கதவுக் கண்ணாடிகளையும் ஏற்றியிருந்தார்கள். பின்பக்கக் கண்ணாடிக்குப் பதிலாக இருந்த பிளாஸ்ரிக் தாளின் தையல் மாத்திரம் ஒரு சாண் நீளத்துக்குப் பிரிந்திருந்தது. காற்று வரட்டும் என்று அதை அப்படியே விட்டிருந்தார்கள்.

போகும்போது பிரச்சினை எதுவும் தெரியவில்லை. கோயிலில் இறங்கியபோது மாத்திரம் சின்னவள், "அப்பப்பா, தலை இடிக்குது" என்றாள். வெயில் என்றேன். தேசிக்காய்த் தண்ணீர் வாங்கிக் கொடுத்தோம். "கால் வைக்கிற இடம் சுடுது" என்றும் சொன்னாள். பழைய கார் அப்படித்தான் என்று தகப்பன் சிரித்தான். நானும் சேர்ந்து சிரித்தேன்.

இந்த இடத்தில் நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பத்திரிகைக் கந்தோரில் இருந்த காலத்தில், பூட்டிய வாகனத்துக்குள் இயந்திரத்தை இயங்கவிட்டு உறங்கியவர்கள் நச்சுப் புகையால் மாண்ட செய்திகளை எத்தனையோ தடவை செப்பனிட்டிருக்கிறேன். காபனோரொட்சைட்டுக்கு நிறமில்லை, மணமில்லை என்ற வாக்கியத்தை என் கையாலேயே எழுதியிருக்கிறேன். முதலில் தலையிடி, பின்னர் தலைச்சுற்று, குமட்டல், நித்திரை மயக்கம் என்ற வரிசையும் எனக்கு மனப்பாடம். அச்சுக்குப் போகும் செய்தியில் அத்தனையும் தெரிந்திருந்த எனக்கு, எதிரே நின்று ஒரு குழந்தை தலை இடிக்கிறது என்றபோது அதில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

திரும்பும்போது மண்முனைப் பாலத்தின் நடுவில் கார் நின்றுவிட்டது. உறுமல் இரண்டு தடவை விக்கி, பின் ஓய்ந்தது. நாங்கள் பின்னால் வந்துகொண்டிருந்தோம். பொனட்டின் இடுக்கால் வெப்பம் அலையலையாக எழுவது தூரத்திலேயே தெரிந்தது. தரைவிரிப்புக் கருகிய நெடி. தகப்பன் இறங்கிப் பொனட்டைத் திறக்க ஓடினான். நான் மற்றக் கதவைத் திறந்தேன். பிள்ளை தலையைத் தொங்கப்போட்டு உறங்குவதுபோல் இருந்தாள். தட்டினேன். கண் திறக்கவில்லை. தூக்கியபோது கழுத்துத் துவண்டது.

பாலத்துக் கைப்பிடிச் சுவரோரம் கொண்டுபோய்க் கிடத்தினோம். வாவிக் காற்று நன்றாக வீசியது. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. இரண்டு நிமிடமாகவும் இருக்கலாம், ஐந்து நிமிடமாகவும் இருக்கலாம். பிறகு அவள் வாந்தியெடுத்தாள். வாந்தியெடுத்த குழந்தையைப் பார்த்து நான் அவ்வளவு மகிழ்ந்ததில்லை.

இதற்கிடையில் பெறாமகன் குடிதண்ணீர்ப் போத்தலைத் திறந்துகொண்டு இயந்திரத்தை நோக்கிப் போனான். வீதியால் சைக்கிளில் வந்த ஒரு மீனவர்தான், "தண்ணி ஊத்தாதீங்க, வெடிச்சிரும்!" என்று சத்தமிட்டுத் தடுத்தார். அவர் தடுத்தது எவ்வளவு சரி என்பதைப் பிற்பாடு பாஸ் விளக்கினார். இயந்திரத்தின் வெளியேற்றுக் கிளைக்குழாய் வார்ப்பிரும்பால் ஆனது. செஞ்சூட்டில் இருக்கும் வார்ப்பிரும்பில் குளிர்நீர் பட்டால் அது பிளந்துபோகும்.

முச்சக்கரவண்டி ஒன்றை மறித்துப் பிள்ளையை வைத்தியசாலைக்குக் கொண்டு போனோம். அங்கிருந்த இளம் பெண் வைத்தியர் விரலில் கருவியைப் பொருத்திப் பார்த்தார். அது ஒட்சிசன் அளவு சரியாக இருப்பதாகவே காட்டியது. அவர் அதை நம்பவில்லை. "எந்த வாகனத்தில் வந்தீங்க? புகை மணந்ததா?" என்று கேட்டார். அந்தச் சிறு கருவியால் இரத்தத்தில் ஒட்சிசனையும் காபனோரொட்சைட்டையும் வேறுபடுத்தி அறிய முடியாது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். எங்கள் குருதியிலுள்ள ஈமோகுளோபின் ஒட்சிசனைப் பற்றுவதைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேலான நாட்டத்தோடு அந்த நச்சு வாயுவைப் பற்றிக்கொள்ளும். சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் அதில் பாதி வெளியேறவே நான்கைந்து மணித்தியாலம் ஆகும். முகமூடி மூலம் தூய ஒட்சிசன் கொடுத்தால் அந்நேரம் ஒன்றரை மணித்தியாலமளவுக்குக் குறையும். முகமூடி போட்டு இரவு முழுவதும் வைத்திருந்தார்கள். காலையில் பிள்ளை ஐஸ்கிறீம் கேட்டாள்.

காரைக் கட்டியிழுத்துப் பாஸின் கராஜில் விட்டோம். அவர் எங்களை ஏசவில்லை. ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். பள்ளத்துக்கு மேல் காரை நிறுத்தி, என்னையும் கீழே இறங்கச் சொன்னார். "தம்பி, நீங்க எழுதுற ஆள். பாத்து வைங்க" என்றார்.

அவருக்கு அந்த இயந்திரம் புதிதன்று. எம்.ஜி. என்னும் எழுத்துகளே மொரிஸ் கராஜஸ் என்பதன் சுருக்கந்தான். அந்தக் காரில் இருந்த 1,098 கன சென்ரிமீற்றர் இயந்திரமும், ஒரு காலத்தில் இலங்கையின் ஒழுங்கைகளெங்கும் ஓடிய மொரிஸ் மைனரின் இயந்திரமும் ஒரே குடும்பம். 1951இல் ஒஸ்ரின் நிறுவனம் அறிமுகஞ்செய்த ஏ வரிசை இயந்திரத்தின் வழித்தோன்றல்கள் இரண்டும். மைனருக்கு ஒரு காபரேட்டர், மிட்ஜெட்டுக்கு இரண்டு, அடிப்படை ஒன்றே. "சட்டை மட்டும்தான் வேற" என்றார் பாஸ்.

அந்த வரிசை இயந்திரங்களில் எரிபொருளைக் கொடுக்கும் காபரேட்டரும் எரிந்த வாயுவை வெளியேற்றும் குழாயும் ஒரே பக்கத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. மேலே பெற்றோல், கீழே நெருப்பு. இரண்டுக்கும் நடுவே ஒரு வெப்பத் தடுப்புத் தகடு. கிளைக்குழாய் முடிந்து நீள்குழாய் தொடங்கும் பொருத்தில் ஒரு கிளாம்ப் இருக்கும். இயந்திரம் றப்பர் தாங்கிகளின் மேல் அமர்ந்திருப்பதால் ஓடும்போது ஆடும். குழாயோ காரின் உடலில் தொங்குவது. இரண்டின் ஆட்டமும் சந்திக்கும் இடம் அந்தப் பொருத்து. அதனால் கியர்ப்பெட்டியோரம் ஒரு பட்டியால் குழாயைப் பிடித்து வைத்திருப்பார்கள். எங்கள் காரில் அந்தப் பட்டி இல்லை. முன்னர் திருத்திய எவரோ அதை எறிந்துவிட்டு, குழாயைப் பின்னால் அசையாதவாறு உடலோடு வெல்டிங் செய்திருந்தார். பின்புறம் ஆடாத குழாய் முன்புறம் ஒடிந்தது.

குழாயின் எஞ்சிய பகுதியையும் கறள் உள்ளிருந்தே தின்றிருந்தது. ஒரு லீற்றர் பெற்றோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லீற்றர் நீர் உண்டாகிறது என்பதைப் பலர் அறியமாட்டார்கள். நீண்ட தூரம் ஓடினால் அது ஆவியாகிப் போய்விடும். நிறுத்தி வைத்திருக்கும் காரிலும் சிறுதூரம் ஓடும் காரிலும் அது சைலன்சருக்குள் தங்கி இரும்பை அரிக்கும். வெளியே கடற்கரைக் காற்றின் உப்பு, உள்ளே இந்த நீர்.

உடைந்த பொருத்தால் பீறிட்ட வாயுவின் சூடு அறுநூறு, எழுநூறு பாகை செல்சியஸ் இருக்கும். அது மேலே தகட்டைச் சுட்டுக் காபரேட்டரிலிருந்த பெற்றோலைக் கொதிக்க வைத்தது. பெற்றோல் ஆவியானதால்தான் பாலத்தில் இயந்திரம் நின்றது. அதே வாயு பக்கவாட்டில், கறளேறி ஓட்டையாகிப்போன தரைத்தகட்டின் ஊடாகப் பிள்ளையின் காலடிக்கு வந்தது. ஓடும் காரின் பின்னால் காற்றழுத்தம் குறைந்து, வெளிவிடும் புகையையே மீண்டும் உள்ளே இழுக்கும் தன்மை உண்டு என்பதால், காற்றுக்காக நாங்கள் திறந்து வைத்திருந்த பின்தையலும் நஞ்சுக்கு இன்னொரு வாசலாயிற்று.

குழாயின் பழுது இவ்வளவுதான். ஆனால் பாஸ் அத்தோடு நிறுத்தவில்லை. "குழாய் உடைஞ்சது ஒரு வருத்தம். இவ்வளவு சூடாகினது இன்னொரு வருத்தம்" என்றார். தீப்பொறி விழும் நேரம் பிந்தியிருந்தது. எரிபொருள் தேவையிலும் குறைவாகக் கலந்துகொண்டிருந்தது. தீப்பொறி பிந்தினால், சிலிண்டருக்குள் எரிந்து முடிய வேண்டியது வெளியேறும் வழியிலும் எரிந்துகொண்டே போகும்; இரவில் பார்த்தால் கிளைக்குழாய் தணல்போலச் சிவந்து தெரியும்.

அதை அவர் எங்கே கண்டார் என்று கேட்டேன். யாழ்ப்பாணத்தில் என்றார். 1990இல் போர் மீண்டும் மூண்டு குடாநாட்டுக்குப் பொருளாதாரத் தடை வந்த பிறகு, பெற்றோல் கிடைத்தற்கரிய திரவியமாகிவிட்டது. மொரிஸ் மைனர்களும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ்களும் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேட்டருக்குள் சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெய் இயந்திரத்துக்குள் தட்டும். தட்டாமலிருக்கத் தீப்பொறியைப் பின்தள்ளுவார்கள். பின்தள்ளினால் குழாய் சிவக்கும், உடையும். உதிரிப்பாகம் இல்லை. பால்மா ரின்னை வெட்டி, உடைந்த இடத்தைச் சுற்றிக் கம்பியால் இறுக்கி அனுப்புவார்களாம். "அந்தக் காரில கர்ப்பிணிப் புள்ளைகள், காயப்பட்ட சனங்கள் எல்லாம் ஆசுப்பத்திரிக்குப் போனதுகள். எத்தினை பேர் புகையில மயங்கினதோ, யார் கண்டது? கண்ணாடியை இறக்கி விடுங்க எண்டுதான் சொல்லி அனுப்புவம்."

வழியில்லாத காலத்தில் கண்ணாடியை இறக்கி விட்டுப் போனார்கள். வழியிருந்த காலத்தில் நாங்கள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனோம்.

பழைய காருக்கு மாத்திரம் உரிய கதையல்ல இது. 2010இல் இத்தாலியின் ஃபெராரி நிறுவனம் தனது 458 இத்தாலியா கார்களில் 1,248ஐத் திருப்பியழைத்தது. பின்சக்கர வளைவில் வெப்பத் தடுப்புத் தகட்டை ஒட்டிய பசை, வெளியேற்றுக் குழாயின் சூட்டுக்குத் தாக்குப்பிடிக்காமல் சில கார்கள் தீப்பற்றியதே காரணம். பசைக்குப் பதில் உலோகப் பூட்டு ஆணிகளைப் பொருத்திக் கொடுத்தார்கள். 1975ஆம் ஆண்டளவில் அமெரிக்கக் கார்களில் புகுந்து பின்னர் உலகெங்கும் பரவிய வினையூக்கி மாற்றியும் அவ்வாறானதே. ஒரு பிளக் சரியாகப் பற்றாவிட்டால், எரியாத பெற்றோல் அதற்குள் போய் எரியும். கார் புல்லின்மேல் நின்றால் புல்லும் எரியும். கச்சான் காலத்தில் வைக்கோல் பரப்பிய வளவுக்குள் காரை விடுபவர்கள் இதை யோசிக்க வேண்டும். 2008இல் இலங்கையில் வாகனப் புகைப் பரிசோதனை தொடங்கியது நல்லதே. ஆனால் அது குழாயின் வாலில் வரும் புகையை அளப்பது. நடுவழியில் ஒழுகிப் பிள்ளையின் காலடிக்குப் போவதை வாகனத்தில் இருப்பவர்தான் கவனிக்க வேண்டும்.

கவனிப்பதும் கடினமன்று. காலையில் முதன்முதலாக இயக்கும்போது, இயந்திரம் குளிர்ந்திருக்கையில், முன்பக்கத்தில் 'சப், சப்' என்று காற்றுக் கசியும் ஒலி கேட்டால் பொருத்து விட்டிருக்கிறது. பொருத்தைச் சுற்றிக் கரி படிந்திருந்தாலும் அவ்வாறே. கால் வைக்குமிடம் சுட்டால் தாமதிக்கக் கூடாது. பயணத்தில் வரும் தலையிடி, இறங்கி நின்றதும் குறைந்தால், அது வெயிலாக இல்லாமலும் இருக்கலாம்.

பாஸ் நான்கு நாள் வேலை செய்தார். முதலில் தேய்ந்துபோன றப்பர் தாங்கிகளை மாற்றினார். கியர்ப்பெட்டிப் பட்டியைத் தானே அடித்துப் பொருத்தினார். தரை ஓட்டைகளை அடைத்தார். தீப்பொறி நேரத்தையும் கலவையையும் சரிசெய்தார். கடைசியாகத்தான் புதுக் குழாயும் சைலன்சரும் பூட்டினார். குழாயை முதலில் வெல்டிங் செய்திருந்தால் அரை நாளில் முடிந்திருக்கும். மூன்று மாதத்தில் மறுபடி உடைந்திருக்கும் என்றார். கூலியாக அவர் கேட்ட தொகையைச் சொன்னால் இலண்டன்காரர்கள் நம்பமாட்டார்கள்.

ஐந்தாம் நாள் கார் வீட்டுக்கு வந்தது. ஒழுங்கைக்குள் திரும்பியது எங்களுக்குக் கேட்கவே இல்லை. வாசலில் வந்து நின்ற பின்புதான் பார்த்தோம். ஓடி வந்த பிள்ளைகளுக்கு ஏமாற்றம். "சத்தம் போச்சுது" என்றான் ஒருவன்.

பெறாமகன் ஒன்றும் சொல்லாமல் இறங்கினான். பொனட்டின் மேல் கையை வைத்துச் சற்று நேரம் பார்த்தான். பிறகு மகளைக் கூப்பிட்டு, "ஏறுங்கம்மா" என்றான். அவள் மாட்டேன் என்று என் பின்னால் ஒளிந்துகொண்டாள். அந்த விடுமுறை முடியும்வரை அவள் அந்தக் காரில் ஏறவில்லை. நாங்களும் வற்புறுத்தவில்லை. தலை இடிக்கிறது, கால் சுடுகிறது என்று அவள் சொன்னபோது நாங்கள் கேட்கவில்லை. இனி எங்கள் சொல்லை அவள் நம்ப வேண்டும் என்று கேட்பதற்கு எங்களுக்கு என்ன உரிமை?